அஞ்சு ஃபைல், ஒரு பையன்

ரெண்டு மூணு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கம்போல சாக்கு சொல்லலாம். ஆனா இந்தத் தடவை நிஜக் காரணம் வேற. அக்கா பையனுக்கு வீசிங். கூடவே இன்னும் நாலஞ்சு தொந்தரவு. அந்த "கூடவே" பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கோங்க.

முன்னெச்சரிக்கை: நான் சரவணம்பட்டியில பொட்டி தட்டற ஆளு. டாக்டர் இல்லை. பையனுக்காகப் படிச்சதையும், டாக்டர்களை நச்சரிச்சுத் தெரிஞ்சுகிட்டதையும் வச்சு என் கருத்தைச் சொல்றேன். இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தை மாத்தவோ நிறுத்தவோ வேண்டாம்.

எங்க வீடு கணபதியில டெக்ஸ்டூல் பக்கம். அக்கா வீடு மணியகாரம்பாளையம். வண்டியில அஞ்சு நிமிஷம். மாமா லேத் பட்டறை வச்சிருக்கார். பையன் மூணாவது படிக்கிறான், எட்டு வயசு. போன ஐப்பசியில நல்ல மழை பேஞ்ச ஒரு ராத்திரி, பதினோரு மணிக்கு அக்கா போன். "டேய், இவனுக்கு இழுத்துட்டே இருக்குடா. மாமா வெளியூர் போயிருக்காரு. வண்டியை எடுத்துட்டு வா."

போய்ப் பார்த்தா ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியல அவனால. மூச்சு இழுக்கறப்ப விலா எலும்புக்கு நடுவுல தோல் உள்ள குழிஞ்சு குழிஞ்சு வருது. (இதை நீங்க எந்தக் குழந்தைகிட்ட பார்த்தாலும் விடியட்டும்னு காத்திருக்காதீங்க. அப்பவே கிளம்புங்க.)

ஆஸ்பத்திரியில நெபுலைசர் வச்சு, ஆக்சிஜன் குடுத்து, ஒரு மணி நேரத்துல பரவாயில்லைன்னு ஆச்சு. டியூட்டியில இருந்த டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். அக்காகிட்ட வரிசையாக் கேட்டாங்க.

"வாயைத் தொறந்துட்டுத் தூங்கறானா?"

"ஆமாங்க. அடினாய்டுன்னு காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட காட்டிட்டு இருக்கோம்."

"கைக்குழந்தையா இருக்கப்ப கன்னத்துல, முழங்கை மடிப்புல படை மாதிரி வந்துச்சா?"

"ஆமாங்க. இப்பவும் வருது. அதுக்குத் தோல் டாக்டர்."

"காலையில எந்திரிச்சதும் தும்மல்? மூக்கைத் தேய்ச்சுட்டே இருப்பானா?"

"அது டஸ்ட் அலர்ஜிங்க. அதுக்கு சிரப் குடுக்கறோம்."

"வயிறு?"

"அதுக்கு வேற டாக்டருங்க."

அவங்க பேனாவை வச்சுட்டு சொன்னாங்க: "எல்லாம் ஒரே வீடுங்க. நீங்க ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு வாட்ச்மேன் போட்டிருக்கீங்க."

அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு வந்து அக்கா பீரோவுல இருந்து எடுத்துப் போட்டாங்க பாருங்க, அஞ்சு ஃபைல். குழந்தை டாக்டர், காது மூக்கு, தோல், வயிறு, அப்புறம் "பையனுக்குக் கிளாஸ்ல கவனமே இல்லை"ன்னு ஸ்கூல்ல சொன்னதால போய்ப் பார்த்த இன்னொரு இடம். அஞ்சுலயும் அதே பையன் பேர். ஒரு ஃபைல்ல இருக்கறது இன்னொரு ஃபைலுக்குத் தெரியாது.

எங்க தொழில்ல இதை நல்லாப் புரிஞ்சுக்குவோம். ஒரே கோளாறுக்கு அஞ்சு டிக்கெட், அஞ்சு டீம். ஒவ்வொரு டீமும் தன் பக்கம் சரி பண்ணிட்டு டிக்கெட்டை மூடிடும். கஸ்டமர் மட்டும் கத்திட்டே இருப்பார். சிலசமயம் ஒரு டீம் சரி பண்ணதே இன்னொரு இடத்துல புதுக் கோளாறைக் கிளப்பும். இவன் கதையிலயும் அதேதான். தும்மலுக்குக் குடுத்த பழைய ரக அலர்ஜி சிரப் தூக்கம் வரவைக்கும். கிளாஸ்ல சாமி ஆடுறான்னு கம்ப்ளைன்ட். வீசிங்குக்குக் குடுத்த சால்ப்யூட்டமால் சிரப்ல கை நடுங்கும். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்குன்னு இன்னொரு கம்ப்ளைன்ட். அடிக்கடி குடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில பசி ஏறி எடை ஏறுச்சு. எடை ஏறினதுல மூச்சு இன்னும் வாங்குச்சு.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். குழந்தைங்க ஆஸ்துமா பெரும்பாலும் தனியா வர்றதில்லை, ஒரு கும்பலோட வருது. கும்பலை மொத்தமாப் பார்க்க ஒருத்தர் இல்லைன்னா, எத்தனை டாக்டர்கிட்ட போனாலும் குழந்தைக்கு விடிவு இல்லை. கும்பல்ல யார் யார்னு பார்ப்போம்.

மூக்கு

இதுதான் தலைவன். ஆஸ்துமா இருக்கற குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கும். மூக்கு எதுக்கு இருக்கு? உள்ள போற காத்தைச் சூடாக்கி, ஈரமாக்கி, தூசியை வடிகட்டி அனுப்பத்தான். அது அடைச்சுட்டா குழந்தை வாயால மூச்சு விடும். வடிகட்டாத, வறண்ட காத்து நேரா நுரையீரலுக்குப் போகும். மூக்குல இருந்து நுரையீரல் வரைக்கும் ஒரே குழாய், உள்ள ஒரே மாதிரி சவ்வு, ஒரே மாதிரி வீக்கம். 1999-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டின ஒரு பட்டறையில ஆரம்பிச்சு, 2001-ல "ஏரியா"ன்னு ஒரு வழிகாட்டி வெளியாச்சு (பேரே ஏரியா, நம்ம ஊர் ஏரியா இல்லை :-)). அதோட சாரமே இதுதான்: ஆஸ்துமா இருந்தா மூக்கைப் பாரு, மூக்கு அலர்ஜி இருந்தா நெஞ்சைப் பாரு.

உள்ளங்கையால மூக்கை மேல் நோக்கித் தேய்க்கறது, மூக்கு மேல குறுக்கால ஒரு கோடு, கண்ணுக்குக் கீழ கருவளையம். இதெல்லாம் அடையாளம். நாங்க இவனை "சல்யூட் அடிக்கிறான் பாரு"ன்னு கேலி பண்ணிட்டு இருந்தோம். டாக்டருங்களும் இதுக்கு சல்யூட்னுதான் பேர் வச்சிருக்காங்களாம். வெட்கமாப் போச்சு.

தோல்

கைக்குழந்தையில வர்ற எக்ஸிமா (எங்க அம்மா "கரப்பான்"னு சொல்வாங்க) பல குழந்தைங்களுக்கு இந்தக் கதையோட முதல் அத்தியாயம். தோல்ல ஆரம்பிச்சு, சிலருக்கு உணவு அலர்ஜி, அப்புறம் வீசிங், அப்புறம் மூக்குன்னு ஊர்வலம் மாதிரி போகும். எக்ஸிமா வந்த எல்லாருக்கும் ஆஸ்துமா வராது. ஆனா வந்திருந்தா அந்த விஷயம் வீசிங் பார்க்கற டாக்டருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

உணவு பத்தி ஒரு வார்த்தை. முட்டையோ வேர்க்கடலையோ சாப்பிட்டதும் உதடு வீங்குது, உடம்பெல்லாம் தடிக்குதுன்னா அது நிஜ அலர்ஜி. ஆஸ்துமாவும் இருந்தா ஆபத்து அதிகம், உடனே காட்டணும். ஆனா நம்ம ஊர்ல நடக்கறது வேற. வாழைப்பழம் சளி, தயிர் சளி, ஆரஞ்சு சளி, கொய்யா சளி... கடைசியில குழந்தைக்கு மிச்சம் பிஸ்கட் மட்டும்தான். இவனுக்கு ரெண்டு வருஷமா வாழைப்பழம் கிடையாது. எந்த டாக்டரும் நிறுத்தச் சொல்லல. எங்க அம்மா சொன்னாங்க, அவ்வளவுதான்.

தூக்கம்

குறட்டை விட்டா "நல்லா அசந்து தூங்கறான்"னு நாம நினைக்கறோம். அடினாய்டும் டான்சிலும் வீங்கி அடைச்சா, தூக்கத்துல நடுநடுவுல மூச்சு நின்னு நின்னு வரும். ஆக்சிஜன் குறையும், மூளை உலுப்பி எழுப்பும். ராத்திரி முழுக்க இப்படி. காலையில குழந்தை சிடுசிடுன்னு இருக்கும். சிலதுக ஏழெட்டு வயசுலயும் படுக்கையை நனைக்கும். பெரியவங்க தூக்கம் இல்லைன்னா சோர்ந்து உட்காருவாங்க, குழந்தைங்க துறுதுறுன்னு ஆடும். கவனம் சிதறும். "வாலு"ன்னு பேர் வாங்கும். ராத்திரி இருமலும் சேர்ந்தா கேட்கவே வேண்டாம். அஞ்சாவது ஃபைலுக்குப் பாதி பதில் ரெண்டாவது ஃபைல்லயே இருந்துச்சு!

வயிறு

நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம், சாப்பிட்டுப் படுத்தா இருமல். இதுவும் ஆஸ்துமாவோட அடிக்கடி சேர்ந்து இருக்கும். ஆனா இங்க ஒரு எச்சரிக்கை. அறிகுறியே இல்லாத குழந்தைக்கு "எதுக்கும் இருக்கட்டும்"னு கேஸ் மருந்து குடுக்கறது சரியா? அமெரிக்காவுல 306 குழந்தைங்களை வச்சு லான்சோபிரசோல் மருந்தைச் சோதிச்சாங்க. 2012-ல முடிவு வந்துச்சு. ஆஸ்துமா ஒண்ணும் குறையல. மாறா மருந்து சாப்பிட்டவங்களுக்குச் சளித் தொந்தரவு அதிகமாச்சு. அதனால கூட்டாளி இருக்கான்னு தேடணும், ஆனா இல்லாத கூட்டாளிக்கு மருந்து குடுக்கக் கூடாது.

எடை

"ஓடாத, இழுக்கும்", "விளையாடாத, இழுக்கும்"னு உட்கார வச்சுடறோம். கையில செல்போன், பக்கத்துல முறுக்கு டப்பா. எடை ஏறுது. எடை அதிகமான குழந்தைக்கு ஆஸ்துமா கட்டுப்படறதும் கஷ்டம். சரியா மருந்து எடுத்தா ஆஸ்துமா குழந்தை ஓடலாம், நீந்தலாம். ஓட முடியலைன்னா மருந்து பத்தல, இல்லை சரியா எடுக்கலைன்னு அர்த்தம். விளையாட்டை நிறுத்தறது வைத்தியம் இல்லை.

மனசு

இதை எழுதறதா வேண்டாமான்னு யோசிச்சேன். அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில இருந்து திரும்பி வந்து நாலு நாள் கழிச்சு, என்கூடப் படுத்திருந்தவன் இருட்டுல கேட்டான்: "மாமா, தூக்கத்துல எனக்கு மூச்சு நின்னுருமா?" எட்டு வயசு. அவன் ராத்திரி தூங்காததுக்கு மூக்கடைப்பு மட்டும் காரணம் இல்லை. பயம்!

ஆஸ்துமா இருக்கற குழந்தைங்களுக்குப் பதட்டமும் மனச்சோர்வும் மத்தவங்களை விட அதிகம்னு பல ஆய்வுகள் சொல்லுது. பதட்டம் மூச்சை வேகமாக்கும், வேகமான மூச்சு இழுப்பு மாதிரியே இருக்கும், பயம் இன்னும் ஏறும். அம்மாக்களுக்கும் இது உண்டு. அக்கா ரெண்டு வருஷமா ராத்திரி முழுசாத் தூங்கினதே இல்லை. இதுக்கு மட்டும் எங்ககிட்ட ஃபைலே இல்லை.

இன்னொண்ணு. 2020 மார்ச்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு மான்டெலுகாஸ்ட் மருந்துக்குத் தன்னோட ரொம்பக் கடுமையான எச்சரிக்கையைப் போட்டுச்சு. சிலருக்குக் கெட்ட கனவு, எரிச்சல், மனசு மாற்றம் வரலாம்னு. நம்ம ஊர்ல சளிக்கும் அலர்ஜிக்கும் சாதாரணமா எழுதற மாத்திரை இது. உங்க வீட்டுல குழந்தை சாப்பிட்டா நீங்களா நிறுத்தாதீங்க, ஆனா குணம் மாறுதான்னு கவனிச்சு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

சரி, கும்பல் முடிஞ்சுது. இதை ஏன் நாம மொத்தமாப் பார்க்கறதில்லை? என் கணக்குல மூணு காரணம்.

முதல் காரணம், பேரையே சொல்ல மாட்டோம். "லேசா வீசிங்", "சளி கட்டிக்குது", "நெஞ்சுச் சளி". ஆஸ்துமான்னு மட்டும் சொல்லக் கூடாது. பொம்பளைப் பிள்ளையா இருந்தா இன்னும் மோசம், கல்யாணம் வரைக்கும் யோசிப்பாங்க. எனக்கே சின்ன வயசுல மாசக்கணக்கா இருமல். "பிரைமரி காம்ப்ளெக்ஸ்"னு சொல்லி ஆறு மாசம் காசநோய் மாத்திரை குடுத்தாங்க. இன்னிக்கும் தூசி பட்டா தும்மல், மார்கழி வந்தா நெஞ்சு கட்டும். அது என்னவா இருந்திருக்கும்னு இப்பத்தான் எனக்கே சந்தேகம் வருது. (காசநோயைப் பரிசோதிக்க வேண்டாம்னு சொல்லல. பரிசோதிச்சு முடிவு பண்ணுங்கன்னு சொல்றேன்.)

ரெண்டாவது, இன்ஹேலர் பயம். "பழகிரும்", "அதுதான் கடைசி மருந்து". 1955-ல அமெரிக்காவுல ஒரு மருந்துக் கம்பெனித் தலைவரோட 13 வயசுப் பொண்ணு, ஆஸ்துமா இருந்தவ, "ஹேர் ஸ்ப்ரே மாதிரி இதையும் ஒரு டப்பாவுல அடைச்சுத் தரக் கூடாதா?"ன்னு அப்பாகிட்ட கேட்டாளாம். 1956-ல அழுத்தினா மருந்து பீச்சற முதல் இன்ஹேலர் கடைக்கு வந்துச்சு. ஒரு குழந்தை கேட்டு வந்த மருந்தைக் குழந்தைக்குக் குடுக்க நாம பயப்படறோம்!

கணக்கு போட்டுப் பார்த்தேன், எஞ்சினியர் புத்தி. தினமும் இழுக்கற ஸ்டீராய்டு 200 மைக்ரோகிராம்னு வச்சுக்குவோம். இழுப்பு வந்தப்ப இவன் சாப்பிட்ட மாத்திரை ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், அஞ்சு நாள். மொத்தம் 100 மில்லிகிராம், அதாவது ஒரு லட்சம் மைக்ரோகிராம். ஐநூறு நாள் இன்ஹேலர்! மருந்து வேற, வீரியமும் வேற, அதனால இது நேர்க் கணக்கு இல்லைன்னு டாக்டரம்மா திட்டினாங்க. ஆனா எதுக்குப் பயப்படணும்னு புரிஞ்சுது. இன்ஹேலர் ஸ்டீராய்டுலயும் விளைவு உண்டு. வருஷக்கணக்கா எடுத்தவங்க உயரம் சராசரியா 1.2 சென்டிமீட்டர் குறைஞ்சதா 2012-ல ஒரு பெரிய ஆய்வு சொல்லுச்சு. ஒரு சென்டிமீட்டரா, மூச்சான்னு கேட்டா நான் மூச்சுன்னுதான் சொல்வேன்.

மூணாவது, குறுக்கு வழி ஆசை. எங்க அம்மா, அதாவது பையனோட அம்மிச்சி, இன்னும் ஹைதராபாத் மீன் வைத்தியத்தை விடல. ஜூன் மாசம் மிருகசீரிஷத்தப்ப உயிர் விரால் மீன் வாயில மருந்தை வச்சு முழுங்க வைப்பாங்களே, அதேதான். இலவசம், கூட்டம் அலைமோதும். அம்மாவைக் குத்தம் சொல்ல மாட்டேன். பேரன் மூச்சுக்குத் தவிக்கறதைப் பார்த்தா யாருக்கும் எங்கயாவது ஓடணும்னுதான் தோணும். ஆனா ஒரு மீன் ஆறு ரூமுக்கும் வாட்ச்மேன் ஆகாதும்மா.

2019 கணக்குப்படி இந்தியாவுல சுமார் 3.4 கோடி பேருக்கு ஆஸ்துமா. உலக நோயாளிகள்ல எட்டுல ஒருத்தர் இங்க. ஆனா ஆஸ்துமா சாவுல 40 சதவீதத்துக்கு மேல இங்கதான் நடக்குது. மருந்து இல்லாததால மட்டும் இப்படி ஆகுதுன்னு எனக்குத் தோணல. பேர் சொல்லாம, சேர்த்துப் பார்க்காம விடறதும் ஒரு காரணம்.

இப்ப நாங்க என்ன பண்ணோம்? ஒரு நாப்பது பக்க நோட்டு. ஒரே குழந்தை டாக்டர். அஞ்சு ஃபைலையும் ஒரு மஞ்சப் பையில போட்டு அவர் மேசையில கொட்டினோம். மூக்குக்கு ஸ்ப்ரே, நெஞ்சுக்கு தினசரி இன்ஹேலர், ஸ்பேசர் வச்சு எடுக்கணும், எடுத்ததும் வாய் கொப்பளிக்கணும். தூக்க சிரப்பும் சால்ப்யூட்டமால் சிரப்பும் நின்னுச்சு. அடினாய்டு ஆபரேஷனுக்கு அவசரம் வேண்டாம், ஸ்ப்ரே போட்டுப் பார்க்கலாம்னு காது மூக்கு டாக்டரும் ஒத்துக்கிட்டார். வீட்டுல கொசுவத்தி நின்னுச்சு. ஒரு சுருள் எரிஞ்சா வர்ற நுண்துகள் 75-ல இருந்து 137 சிகரெட்டுக்குச் சமம்னு 2003-ல ஒரு ஆய்வு வந்திருக்கு. அதைப் படிச்சுக் காட்டினதும் மாமா அன்னிக்கே கொசுவலை வாங்கிட்டு வந்துட்டார். சாம்பிராணி வெள்ளிக்கிழமை மட்டும், அதுவும் பையன் வெளிய போனப்புறம். அம்மாவோட இதுக்கு மேல பேரம் பேச முடியல.

நோட்டுல தினமும் நாலே வரி. ராத்திரி இருமினானா, குறட்டை விட்டானா, நீல இன்ஹேலர் எத்தனை தடவை, விளையாடினானா. நாலு மாசம் ஆச்சு. அதிசயம் ஒண்ணும் நடக்கல. மார்கழியில ஒரு தடவை இழுத்துச்சு, ஆனா ஆஸ்பத்திரி போகல. ராத்திரி இருமல் வாரத்துக்கு அஞ்சு நாள்ல இருந்து மாசத்துக்கு ரெண்டு நாளாச்சு. வாழைப்பழம் சாப்பிடறான். ஒண்ணும் ஆகல.

ஸ்கூல் பத்தியும் சொல்லணும். இன்ஹேலரைப் பையில வச்சிருந்தான்னு பிடுங்கி ஆபீஸ் அலமாரியில பூட்டி வச்சாங்க. மாத்திரை மருந்து கொண்டு வரக் கூடாதாம். பையன் மூணாவது மாடியில, இன்ஹேலர் கீழ் வீட்டுல. மாமா போய்ச் சண்டை போட்டப்புறம் டீச்சர் மேசையில வச்சுக்க ஒத்துக்கிட்டாங்க. இங்கிலாந்துல 2014 அக்டோபர்ல இருந்து அவசரத்துக்கு ஸ்கூலே ஒரு இன்ஹேலர் வாங்கி வச்சுக்கலாம்னு சட்டம் இருக்கு. நம்ம ஊர்லயும் ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு சால்ப்யூட்டமால் இன்ஹேலர், ஒரு ஸ்பேசர், அதைக் குடுக்கத் தெரிஞ்ச ஒரு பி.டி. மாஸ்டர். இது பெரிய செலவா?

அரசாங்கமும் சும்மா இல்லை. 2013-ல ஆரம்பிச்ச ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்துல மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து 18 வயசு வரைக்கும் பார்க்கறாங்க. 30 வகைக் குறைபாடுகள் பட்டியல்ல, வீசிங் இருக்கு, எக்ஸிமா இருக்கு, காதுத் தொற்றும் இருக்கு. நல்ல பட்டியல். என் ஆசை என்னன்னா, வீசிங் வரியில டிக் விழுந்தா "மூக்கு, தோல், தூக்கம், எடை, மனசு பார்த்தாச்சா?"ன்னு கேட்கற இன்னொரு வரி வேணும். ஒரே ஒரு வரி. எங்க ஆபீஸ்ல இதை அரை மணி நேரத்துல பண்ணிக் குடுத்துருவோம் :-)

அதுவரைக்கும் நாமதான் அந்த வரி. உங்க வீட்டுல வீசிங் குழந்தை இருந்தா எல்லா ஃபைலையும் ஒரே பையில போடுங்க. ஒருத்தர் மேசையில கொட்டுங்க. ராத்திரி அது எப்படித் தூங்குதுன்னு ஒரு நாளாவது முழிச்சிருந்து பாருங்க. பயமா இருக்கான்னு கேளுங்க.

நேத்து சாயந்திரம் சந்துல கிரிக்கெட். இவன் ரன் எடுக்க ஓடி, அவுட் ஆகி, "இல்ல, நோ பால்"னு ரெண்டு நிமிஷம் மூச்சு விடாம சண்டை போட்டான். மூச்சு வாங்கல. அக்கா வாசல்ல நின்னு பார்த்துட்டே இருந்தாங்க. திட்டவே இல்லை.

உங்க வீட்டு அனுபவத்தையும் சொல்லிட்டுப் போங்க. மீன் வைத்தியம் பத்திச் சண்டைக்கு வர்றவங்க எங்க அம்மாகிட்ட பேசிக்கோங்க. நான் எஸ்கேப்!